நூற்று நாற்பது, கூட்டியோ குறைத்தோ

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொய்யிலிருந்து வந்தது. போன தீபாவளிக்கு மறுநாள், தண்ணீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றின் டிக்கெட் கவுன்டரில், பதினோரு வயதுப் பெண் குழந்தையின் உயரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் திருடப்பட்டது. திருடியது யார் என்பதற்குப் பிறகு வருகிறேன். (வராமலும் போகலாம். என் கதை, என் இஷ்டம்.)

பூங்காவின் பெயரை மாற்றியிருக்கிறேன். குளுகுளு கார்டன் வாட்டர் பார்க் அண்டு ரிசார்ட். திருப்பூரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் என்பதற்கு மேல் துப்புக் கொடுப்பதாக இல்லை. வக்கீல் வைக்க எனக்கு வசதி போதாது.

என் பெயர் சண்முகப்பிரியா. வீடு திருப்பூர் நல்லூரில். பகலில் ஒரு பையிங் ஆபீசில், அதாவது வெளிநாட்டு பையருக்குச் சரக்கு வாங்கித் தருகிற ஆபீசில், குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஏற்றுமதிக்குப் போகிற பனியன்களை மேஜையில் விரித்து, டேப் வைத்து அளந்து, அளவு தப்பினால் ‘ஃபெயில்’ என்று எழுதிவிட்டு, தைத்துக் கொடுத்த யூனிட்காரர்களின் வாழ்த்துகளை முதுகில் வாங்கிக்கொண்டு வருகிற வேலை. மிச்ச நேரத்தில் கதை. இதுவரை பதினாறு எழுதி நான்கு வெளியாகியிருக்கின்றன. பாக்கிப் பன்னிரண்டையும் என் வீட்டுக்காரர் தரணீதரன் ‘ரிஜெக்‌ஷன் லாட்டு’ என்பார். அவர் பத்து மிஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறவர், அதனால் அந்த வார்த்தையை வலி தெரிந்துதான் சொல்கிறார்.

என் வயது நாற்பத்தொன்று. எடை இந்தக் கதைக்குத் தேவைப்படாது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“அமராவதியின் மேல் பனி படர்ந்திருந்த அந்த இளங்காலையில், ஒரு வெள்ளை நிறக் கார் மெல்ல—”

நிறுத்திவிட்டேன். பனி இல்லை. நாங்கள் போன வழியில் ஆறும் இல்லை. கார் மட்டும் வெள்ளைதான், அதிலும் ஏசி வேலை செய்யவில்லை. இல்லாத பனியை எழுதிக்கொண்டிருந்தால் அளவு பார்க்கிற வேலைக்கு அது அழகா?

இரண்டாவது தொடக்கம்: “விதிகள் என்பவை எக்காலத்திலும் வலியவர்களால் எளியவர்களுக்காக—” இது கதை இல்லை, பட்டிமன்றம். கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது: “மாரப்பன் விதிகளை நம்பாதவன்.”

இது பிடித்திருந்தது. சின்ன வாக்கியம், நேராக ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆகவே என் கதாநாயகன் மாரப்பன். நல்லூரில் பத்து மிஷின் போட்டு பனியன் தைக்கிறவன். (தற்செயல்.) அவன் மனைவி வினிதா, செக்கிங் வேலைக்குப் போகிறவள், பொறுமைசாலி, வாய் திறந்து ஒரு பொல்லாத சொல் சொல்லாதவள். ஒரே மகள். மகளுக்கு மட்டும் என் மகளின் பெயரையே வைத்தேன், ஜனனி. வேறு பெயர் வைத்திருந்தால், “இவ யாருங்கம்மா? இவள எங்க பாத்தீங்க?” என்று குடைந்திருப்பாள்.

வினிதா கொஞ்சம் அதிகப்படியான நல்லவளாக வந்துவிட்டாள் என்பது எனக்கே தெரிகிறது. அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டேன்.

3

குளுகுளு கார்டனின் விதிகள் மொத்தம் நாற்பத்தொன்று. கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கதைக்கு வேண்டியவை மூன்றே மூன்று.

நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் குழந்தை. மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டுவார்கள். நூற்று நாற்பதும் அதற்கு மேலும் பெரியவர், பச்சைப் பட்டை. பெரியவர் என்றால் டிக்கெட் மட்டும் ஏறாது, ரூம் வாடகையும் ஏறும். அப்பா அம்மாவுக்கு நடுவில் சுருண்டு படுத்துக்கொள்கிற பிள்ளை நூற்று நாற்பதைத் தொட்ட நிமிடத்தில் ‘மூன்றாவது பெரியவர்’ ஆகிவிடும், அதற்கென்று கூடுதல் மெத்தை வந்தாக வேண்டும், யாரும் படுக்காவிட்டாலும் வந்தாக வேண்டும். எல்லாம் சேர்த்து வித்தியாசம் ஆயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.

இன்னொரு விதி: தண்ணீரில் பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது. நைலான், பாலியஸ்டர் மட்டும். இல்லாதவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுக்க வேண்டும். ஊரே பருத்திப் பனியனில் பிழைக்கிறது, அந்த ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று பாலியஸ்டர் சட்டையை வாடகைக்கு வாங்குகிறார்கள். மாதிரிக்கு ஒரு சட்டையைக் கவுன்டர் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். வரிசையில் நின்ற எல்லாருமே அதை இரண்டு விரலால் உரசிப் பார்த்து, ஓரத்தை மடக்கித் தையலைப் பார்த்து, பெருமூச்சு விட்டு நகர்ந்தார்கள். அதைத் தைக்க என்ன கூலி ஆகும் என்று அந்த வரிசையில் தெரியாதவர் யாரும் இல்லை. ஒரு நாள் வாடகையில் அதுமாதிரி மூன்று தைக்கலாம்.

கடைசி விதிதான் ஜனனியினுடையது. கருடன் என்று ஒரு சறுக்கு. நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, இரண்டு பேர் உட்காருகிற ரப்பர் டியூபில் அமர்ந்தால், இருட்டுக் குழாய்க்குள் சுழற்றிக் கீழே கொண்டுவந்து போடும். நூற்று நாற்பதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும். பச்சைப் பட்டைக்கு மட்டும்.

(கவனித்தீர்களா? அதே நூற்று நாற்பது. கவுன்டரில் அதைத் தாண்டினால் நஷ்டம், கருடனில் தாண்டாவிட்டால் நஷ்டம். விதி எழுதியவர் ஒரே அளவுகோலை இரண்டு இடத்தில் நட்டு வைத்திருக்கிறார். நான் எழுதும் கதைகளில்கூட இவ்வளவு நல்ல முடிச்சு அமைந்ததில்லை.)

போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளியில் ஜனனி நூற்று முப்பத்தாறு. கருடன் படியடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் முழுக்க அந்தக் குழந்தை வளர்வதையே வேலையாகச் செய்தது. காலையில் கேட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கும். வேண்டாம் என்று தள்ளிவந்த பாலைக் கேட்டு வாங்கிக் குடிக்கும். சோற்றில் ஊத்துக்குளி நெய் இரண்டு கரண்டி. மாதாமாதம் ஒன்றாம் தேதி நிலைப்படியில் முதுகை ஒட்டி நின்று, “அளங்கம்மா” என்னும். செக்கிங் டேப்பை வைத்து அளந்து, பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுத வேண்டும். அக்டோபர் ஒன்றாம் தேதி நூற்று நாற்பதரை வந்தது. தெருவில் போய் யார் யாரிடமோ சொல்லிவிட்டு வந்தாள். பால்காரர்கூட விசாரித்தார்.

4

இனி கவுன்டர். நான் எழுதியதை அப்படியே தருகிறேன்.

கவுன்டரில் இருந்த பையனின் சட்டையில் வேல்குமார் என்று பெயர் குத்தியிருந்தது. ஜனனியைக் கோலில் நிற்கச் சொன்னான்.

“நூத்தி நாப்பதரைங்க. பெரியவங்க டிக்கெட்டுங்க.”

“சித்த இருங்க தம்பி,” என்றான் மாரப்பன். “அரை சென்டிமீட்டருக்குப் போயிப் பெரியவங்கன்னு சொன்னா எப்படிங்க?”

“ரூலு அப்படிங்க.”

“எங்க தொழில்ல ஒரு அளவு குடுத்தா, கூட்டியோ கொறச்சோ ஒரு சென்டிமீட்டரு டாலரன்ஸ் உண்டுங்க. ஒரு சென்டிமீட்டரு வரைக்கும் பாஸ்தானுங்க. பாப்பா நூத்தி நாப்பதரைன்னா, அதுல ஒண்ணு கழிச்சா நூத்தி முப்பத்தொம்பதரை. கொழந்தைங்க.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர்களும் பனியன் கம்பெனிக்காரர்கள்தான். வேல்குமாரும் சிரிக்கவில்லை.

“நானும் மூணு வருசம் செக்கிங்ல இருந்தவனுங்க,” என்றான். “டாலரன்ஸ் பையரு குடுக்கறதுங்க. நாமளா எடுத்துக்கறதில்லீங்க.”

“அட, இங்க பையரு நான்தானுங்களே? காசு குடுக்கறது நானுங்க.”

வேல்குமார் பின்னால் எட்டிப் பார்த்தான். வரிசை நீண்டுகொண்டிருந்தது. “இன்னொருக்கா நில்லு கண்ணு, பாக்கலாம்,” என்றான்.

ஜனனி கோலில் முதுகை ஒட்டி நின்றாள். மாரப்பன் மகளின் தோளில் கை வைத்தான். வைத்து, அழுத்தினான். “முட்டிய லேசா மடக்கு சாமி” என்று காதில் சொன்னான். ஜனனி நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் மடக்கினாள். வினிதா தாங்க முடியாமல் தலைகுனிந்து நின்றாள்.

நூற்று முப்பத்தொன்பது.

வேல்குமார் எல்லாவற்றையும் பார்த்தான். “சரிங்க,” என்று சொல்லி மஞ்சள் பட்டையைக் கட்டினான். எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்ளும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் ஏமாற்றிக்கொள்வோம்.

5

இங்கே கதையை நிறுத்திவிட்டு கொஞ்சம் யோசித்தேன். விருந்தினர் ரிசார்ட்டின் விலை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டுமா?

மாரப்பன் பக்கத்து நியாயத்தை யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். எங்கள் ஊருக்கு வெளிநாட்டு பையர் ஒவ்வொருவரும் ஒரு விதிப் புத்தகம் அனுப்புவார். அறுபது எழுபது பக்கம் இருக்கும். நூலின் நிறம், பட்டனின் துளை, அட்டைப்பெட்டியில் ஒட்டும் டேப்பின் அகலம், மடிக்கும்போது வலது கை மேலேயா இடது கை மேலேயா என்பது வரை எழுதியிருக்கும். மூச்சுக் காட்டாமல் கடைப்பிடிக்கிறோம். வருடம் முழுக்கச் சப்ளையராகவே இருக்கிற மனிதர்களுக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் பையராகிற நாள், அது தீபாவளி லீவு. அன்றைக்குக் காசைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றால், அங்கேயும் நாற்பத்தொரு விதி. நம் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பிள்ளையை நிலைப்படியில் நிறுத்தி அளந்துவிட்டா இட்லி வைக்கிறோம்?

ஆகவே நான் ஒரு கொள்கைக்கு வந்து சேர்ந்தேன். விதிகள் இரண்டு ஜாதி. ஒன்று விலைக்காக எழுதியது, இன்னொன்று உயிருக்காக எழுதியது. விலை விதியை வளைக்கலாம், அது ஒருவகைப் பேரம். உயிர் விதியில் கை வைக்கக் கூடாது. எழுதி முடித்து இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

தரணியிடம் காட்டினேன். பேப்பரைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

“ஏம் பிரியா, தக்காளி வாங்கறப்ப வெலையக் கொறச்சுக் கேக்கறது பேரம். தராசுல வெரல வெக்கறது பேரமா?”

“மாரப்பன் அப்படி நெனைக்கறானுங்க. நானா நெனைக்கறேன்?”

“ஆமா, மாரப்பன்,” என்றார். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

6

கருடன் காட்சிக்கு முடிவு அமையாமல் ஒரு மாதம் இழுத்தது.

ஜனனி நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறுகிறாள், பின்னாலேயே மாரப்பனும் வினிதாவும். உச்சியில் ஒரு கல்லூரிப் பெண் தனக்கு ஜோடி இல்லாமல் நிற்கிறாள், “எங்கூட வர்றியா?” என்கிறாள். எல்லாம் கூடி வருகிறது. அங்கேயும் ஒரு கோல். ஜனனி நிமிர்ந்து நிற்கிறாள், ஒரு வருடப் பாலும் நெய்யும் சேர்ந்து நிற்கிறாள். நூற்று நாற்பதரை. டியூபைப் பிடித்துவிடுகிற ஆள் சரி என்று தலையாட்டியவர், அப்புறம் மணிக்கட்டைப் பார்க்கிறார். மஞ்சள்.

“இதென்ன பாப்பா, கீழ நூத்தி முப்பத்தொம்பதுன்னு கட்டிருக்காங்க. இங்க நூத்தி நாப்பதரை. எது நெசம்?”

ஜனனி திரும்பி அப்பாவைப் பார்க்கிறாள்.

முடிவு ஒன்று: மாரப்பன், “நான்தானுங்க பொய் சொன்னேன்” என்று உரக்கச் சொல்லி, படியிறங்கி ஓடி, பணத்தைக் கட்டி, பச்சைப் பட்டையோடு திரும்பி ஏறி வருகிறான். வரிசை கை தட்டுகிறது. (இருநூற்று இருபத்து நான்கு படி. மாரப்பனுக்கு மாரடைப்பு வரும்.)

முடிவு இரண்டு: பொறுமைசாலி வினிதா முதன்முறையாக வாய் திறந்து உண்மையைச் சொல்கிறாள். வானத்தில் ஒரு கருடன் வட்டமிட்டு— வேண்டாம், வேண்டாம்.

முடிவு மூன்று: கருடன் ரிப்பேர். யாருமே போக முடியாது. (சோம்பேறித்தனம்.)

முதல் முடிவையே வைத்துக்கொண்டு, சுத்தமாகப் பிரதி எடுத்து, சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் தபாலில் சேர்ப்பதாக இருந்தேன்.

7

சாயங்காலம் வந்து பார்த்தால் என் கதை முழுக்கச் சிவப்பு அம்பு.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். செக்கிங்கில் ஒரு பீஸில் ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்த ஸ்டிக்கர் தாள் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். ஜனனி எடுத்திருக்கிறாள்.

‘வினிதா தாங்க முடியாமல் தலைகுனிந்து நின்றாள்’ என்ற வரிக்கு நேராக ஒரு அம்பு. பக்கத்தில் பென்சிலால்: ‘நிக்கல.’

‘மாரப்பன் மகளின் தோளில் கை வைத்தான்’ என்ற இடத்தில் ஒரு அம்பு. ‘அப்பா கை இல்ல.’

முதல் முடிவில், உரக்கச் சொல்லிப் படியிறங்கி ஓடுகிற இடத்தில் இரண்டு அம்பு. ‘இது நடக்கவே இல்ல.’

கடைசிப் பக்கத்தின் அடியில், நான் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு எழுதியிருந்தாள். மேஜர்: 3. மைனர்: 1 (அன்னிக்கு என் வாட்டர் பாட்டில் ஊதா, எழுதவே இல்ல). ரிசல்ட்: ஃபெயில்.

பதினெட்டு வருடமாக நான் எத்தனையோ பேருக்கு அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். யூனிட்காரர்கள் ஏன் அப்படி முகம் வெளுத்து நின்றார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சரி. அளவைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

தரணி கவுன்டரில் பேரம் எதுவும் பேசவில்லை. “முழு டிக்கெட்டே எடுத்துக்கலாம் பிரியா, பாப்பா ஆசப்பட்டு வந்திருக்கறா” என்று மட்டும் சொன்னார். வாடகைச் சட்டையை இரண்டு விரலால் உரசிப் பார்த்து உள்ளுக்குள் எரிந்தது நான். டாலரன்ஸ் பேசியது நான். “இங்க பையரு நான்தானுங்களே” என்றது நான். மகளின் தோளில் இருந்தது என் கை. மாதாமாதம் ஒன்றாம் தேதி எந்தக் கை அவள் தலையில் டேப்பை வைத்து அளந்ததோ, அதே கை. என் பிள்ளையையும் ஒரு பீஸாக நினைத்து அளந்து பாஸ் போட்டேன்.

மேலே பட்டையைப் பார்க்கமாட்டார்கள், அளப்பதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அவளோடு ஏறினேன். கருடன் உச்சியில் அந்த ஆள் “எது நெசம்?” என்று கேட்டபோது அவள் திரும்பிப் பார்த்ததும் என்னைத்தான். ஓடவில்லை, உரக்கச் சொல்லவில்லை. பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. “நூத்தி முப்பத்தொம்பதுதானுங்க” என்றேன். ஜனனி அழவில்லை. அந்தக் கல்லூரிப் பெண்ணிடம், “நீங்க போங்கக்கா” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு படியிலும் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி டேப்பை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். “வேண்டாங்கம்மா, நீங்களே ஒரு நம்பர் எழுதிக்கோங்க” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிலைப்படியில் கோடுகள் அக்டோபரோடு நிற்கின்றன.

அதற்காகத்தான் மாரப்பன் என்று ஒருவனைப் பெற்று, அவன் தலையில் இதைக் கட்டினேன். மாரப்பனிடமும் தரணியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மாரப்பன் இருக்கிற இடத்திலெல்லாம் இனி என்னைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள். மறுபடி பிரதி எடுக்கக் கை வலிக்கிறது.

8

கதையில் திருத்தினால் ஜனனி அம்பு ஒட்டுவாள் என்பதால், நேரில் திருத்துவது என்று முடிவு செய்தேன். மே மாத லீவில் மூன்று பேரும் மறுபடி குளுகுளு கார்டன் போனோம். மூன்று பச்சைப் பட்டைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். போன தடவையின் ஆயிரத்து அறுநூற்று ஐம்பதையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டேன்.

கவுன்டரில் அதே வேல்குமார். கோல் இருந்த இடத்தில் பூந்தொட்டி.

“மூணு பெரியவங்க தம்பி,” என்றேன், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி.

“பாப்பாவுக்கு என்ன வயசுங்க?”

“பதினொண்ணு முடிஞ்சு எட்டு மாசமுங்க. ஆனா ஒசரம், பள்ளிக்கூடத்துல அளந்தது, நூத்தி நாப்பத்திமூணு. நீங்க வேணா அளந்து பாருங்க.”

“ஒசரமெல்லாம் எடுத்தாச்சுங்க. நெம்பப் பேரு முட்டிய மடக்கறாங்கன்னு ஓனரு ரூல மாத்திட்டாருங்க. இப்ப வயசுதானுங்க. பன்னெண்டுக்குக் கீழன்னா கொழந்தை. கருடனுக்கு மட்டும் மேல அளப்பாங்க, பட்டை எந்தக் கலரா இருந்தாலும் செரிங்க.”

“பரவால்லீங்க, நான் பெரியவங்க டிக்கெட்டே எடுத்துக்கறேன்.”

“அது ஆகாதுங்க. ரூல்படி கொழந்தைங்க.”

“தம்பி, நானா வந்து அதிகமாக் குடுக்கறேன். வாங்கிக்கறதுக்கு என்னுங்க?”

“சிஸ்டம் எடுக்காதுங்கக்கா.”

கவரை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேல்குமார் என்னை அடையாளம் கண்டுகொண்டான், டாலரன்ஸ் அக்கா. கவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தான். “இத எந்தக் கணக்குல போடறதுன்னு தெரியலீங்க. அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில்ல உண்டியல் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு ஜனனிக்கு மஞ்சள் பட்டையைக் கட்டினான். தரணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியதை வைத்துச் சொல்கிறேன்.

ஜனனி சிரிக்கவில்லை. ஆனால் படியேறும்போது, “அம்மா, நீங்களும் வாரீங்களா?” என்று கேட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவளாக என்னைக் கேட்ட முதல் விஷயம் அது. நான் ஏறினேன்.

உச்சியில் டியூபைப் பிடித்துவிடுகிறவர் இப்போது வேறு ஆள். பெயர் காசிமாயன், மதுரைப் பக்கத்துக்காரர். ஜனனியைக் கோலில் நிறுத்தினார். அவள் நிமிர்ந்து நின்றாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“நூத்தி நாப்பத்தி மூணு. வெரிகுட். யாத்தா, பன்னெண்டு வயசுக்குக் கீழன்னா அம்மாவோ அப்பாவோ கூட ஒக்காரணும். புது ரூலு. அப்பா எங்க?”

அப்பா கீழே பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலிருந்து பார்த்தாலும் தொண்ணூறு கிலோ என்று தெரியும். யாரும் அவரைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை.

நானே டியூபில் உட்கார்ந்தேன். எனக்கு ஊஞ்சலே ஆகாது. ஜனனி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். காசிமாயன் டியூபைத் தள்ளப் போனவர், சுவரிலிருந்த பலகையைப் பார்த்து நின்றார்.

“யக்கா, ஒரு நிமிசம். ரெண்டு பேரும் சேந்து நூத்திப் பத்து கிலோவத் தாண்டக் கூடாது. தாண்டுனா உள்ள வளைவுல டியூபு கவுந்துக்கிரும். எடை மிசினு ரிப்பேரு. அதனால வாயில சொன்னாப் போதும். பாப்பா எம்புட்டு?”

“முப்பத்தாறு” என்றாள் ஜனனி.

“யக்கா, நீங்க?”

வாசகரே, கழித்துப் பார்க்க வேண்டாம். நானே சொல்கிறேன். போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தேன், உண்மையைச் சொன்னால் இரண்டு கிலோ அதிகம். உண்மையைச் சொன்னால் ஜனனி மறுபடி நூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும், கூட வர வேறு ஆள் இல்லை. இரண்டு கிலோ குறைத்துச் சொன்னால் கருடன். நூற்றுப் பத்துக்கு இரண்டு கிலோ என்பது டாலரன்ஸுக்குள் வருமா என்று மனது தானாகக் கணக்குப் போட்டது, அதை எப்படி நிறுத்துவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உயிர் விதியில் கை வைக்கக் கூடாது என்று ஐந்தாம் பகுதியில் எழுதியவளும் நான்தான். பின்னால் நாற்பது பேர், அதில் பாதிப் பேர் நல்லூர்க்காரர்கள், என் எடையைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதி வைத்திருந்தேன். நேற்றைக்கு அந்த வரியைக் கிழித்துவிட்டேன். நான் நல்லவளாகத் தெரிகிற மாதிரி முடித்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஏழு பகுதி வாசித்திருக்கிறீர்கள். மற்ற மாதிரி முடிக்க எனக்கு மனது வரவில்லை. ஆகவே எழுந்துகொள்கிறேன், இந்த டியூபில் நீங்கள் உட்காருங்கள். தண்ணீர் சில்லென்றிருக்கும், பழகிவிடும்.

காசிமாயன் குனிந்து, பொறுமையாக, மறுபடி கேட்கிறார். “சொல்லுங்க, ஒங்க எடை எம்புட்டு?”

பின்னால் ஜனனி உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை உங்கள் தோளில் இருக்கிறது. அழுத்தவில்லை, சும்மாதான் வைத்திருக்கிறாள்.